சூறைபோன பொருளுக்கு ஒரு பதில்: எப்படிச் செய்கிறார்கள், எங்கே தவறுகிறது

கேள்வி இது: போரில் சூறையாடப்பட்ட அருங்காட்சியகப் பொருள்களை வைத்துக் கலைஞர்கள் செய்யும் படைப்புகள் கடைசியில் நகல்கள்தானே? எப்படிச் செய்கிறார்கள்? அப்படி ஒன்றைச் செய்ய விரும்பும் கலைக்கல்லூரி மாணவர் எங்கே தொடங்குவது?

நகல் செய்பவருக்கு மூலம் கண்முன்னே இருக்கும். அளக்கலாம், அச்சு எடுக்கலாம், சந்தேகம் வந்தால் மறுபடி போய்ப் பார்க்கலாம். சூறைபோன பொருளில் அந்த வசதி கிடையாது. ஒரு பதிவேட்டு எண், இரண்டு மூன்று அளவுகள், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு கறுப்பு வெள்ளைப் படம், அவ்வளவுதான் கையில் இருக்கும். பொருள் போன இடத்தை மூடி மறைப்பது நகலுக்கு இயல்பாக வரும். அந்த இடம் எவ்வளவு பெரிது, யார் கையால் காலியானது என்பதைக் காட்டுவதுதான் இந்த வகைப் படைப்பின் வேலை. உலகமெங்கும் பாராட்டப்பட்ட சில படைப்புகள்கூட இதில் கோட்டைவிட்டிருக்கின்றன என்பது என் கருத்து. கீழே சொல்கிறேன்.

செய்முறை தெரிய வேண்டுமென்றால் மைக்கேல் ராகோவிட்ஸிடம் தொடங்குவது நல்லது. அமெரிக்கக் கலைஞர், அவருடைய தாய்வழிப் பாட்டி தாத்தா 1946இல் ஈராக்கை விட்டு வந்த யூதர்கள். பாக்தாதின் ஈராக் அருங்காட்சியகம் 2003 ஏப்ரலில் சூறையாடப்பட்டது. கடைசி ஊழியர்கள் 8ஆம் தேதி வெளியேறினார்கள். 12ஆம் தேதி திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அமெரிக்க டாங்குகள் காவலுக்கு வந்தது 16ஆம் தேதி. 1,70,000 பொருள்கள் போய்விட்டன என்று முதலில் வந்த செய்தி, பதிவேட்டின் மொத்தக் கணக்கோடு குழப்பிக்கொண்டது. பின்னர் விசாரணையில் தேறிய கணக்கு ஏறத்தாழ 15,000. இதில் காட்சிக்கூடங்களிலிருந்து போனவை 40 மட்டுமே. 3,000க்கு மேல் தரைமட்டக் கிடங்குகளிலிருந்தும், 10,000க்கு மேல் அடித்தளக் கிடங்கின் ஒரு மூலையிலிருந்தும் போயின. அந்த மூலையில் இருந்தவை மணிகள், ஊசிகள், கண்ணாடிக் குப்பிகள், தாயத்துகள், கூடவே களிமண்ணில் உருட்டி அடையாளம் பதிக்கும் உருளை முத்திரைகள் கிட்டத்தட்ட 5,000. விரல் நீளம்கூட இல்லாத கற்கள். பழைய உருக் நகரமான வார்காவில் கிடைத்த வார்கா குடுவை, வார்கா பெண்முகம் என்று புகழ்பெற்றவற்றின் மேல்தான் மாணவர்களின் கண் போகிறது. இழப்பின் பெரும்பகுதி சட்டைப்பைக்குள் அடங்கும் பொருள்களில் இருக்கிறது.

ராகோவிட்ஸ் 2006இல் வேலையைத் தொடங்கி 2007இல் நியூயார்க்கில் முதல்முறை காட்சிக்கு வைத்தார். தலைப்பு, ‘கண்ணுக்குத் தெரியாத எதிரி இருக்கக் கூடாது’. இஷ்தார் வாயிலின் ஊடே போகும் பாபிலோனின் ஊர்வலத் தெருவுக்கு இருந்த பெயர் அது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய ஆய்வு நிறுவனம் தொகுத்த இழப்புத் தரவுத்தளமும் இன்டர்போல் பட்டியலும் அவருக்கு ஆதாரம். காகிதக்கூழ் வேலை, மேற்பரப்பில் அமெரிக்காவில் வெளிவரும் அரபு நாளிதழ்கள், அங்கே விற்கும் மேற்காசிய உணவுப் பொருள்களின் உறைகள். எதையும் வண்ணம் பூசி மறைப்பதில்லை. கிட்டே போனால் ஒரு தெய்வத்தின் தோளில் பிஸ்கட் உறையின் எழுத்து தெரியும். நாட்டை விட்டு வந்தவர்கள் எதைச் சாப்பிட்டு, எதைப் படித்து வாழ்கிறார்களோ அதுவே சிலையின் தோல். கல் மாதிரித் தோற்றமளிக்கப் பூச்சு பூசியிருந்தால் சாதாரண அருங்காட்சியகக் கடைப் பொம்மையாகப் போயிருக்கும்.

இனி வேலைக்கு வருவோம்.

ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்ததும் முதலில் அதற்கு ஒரு தாள் போடுங்கள். அருங்காட்சியக எண், கண்டெடுத்த இடம், காலம், மூலப் பொருள், உயரம், அகலம், ஆழம், கடைசியாக உறுதிசெய்யப்பட்ட நிலை ஆகியவை அதில் இருக்க வேண்டும். படத்தில் அளவுகோல் இல்லாவிட்டால் பதிவேட்டில் உள்ள உயரத்தை வைத்து விகிதம் கணக்கிடலாம். ஆனால் கிட்டே நின்று எடுத்த படத்தில் நடுப்பகுதி உப்பித் தெரியும். அதை நம்பி அகலம் எடுத்தால் சிலை பருத்துவிடும். இரண்டாவது கோணத்தில் ஒரு படமாவது கிடைத்தால்தான் ஆழத்தை நம்பலாம். பெரும்பாலான பொருள்களுக்கு முதுகுப்பக்கப் படமே இருக்காது. தெரியாத முதுகைக் கற்பனையால் நிரப்பாதீர்கள். வெறும் தாளாக விட்டு, ‘பின்புறம் பதிவில் இல்லை’ என்று குறிப்புச் சீட்டில் எழுதுங்கள். பார்வையாளர் சுற்றி வந்து அந்த வெறுமையைப் பார்ப்பது படைப்பின் ஒரு பகுதிதான்.

உருளை முத்திரையில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. முத்திரையின் படம் என்று வெளியிடப்படுவது அநேகமாக அதைக் களிமண்ணில் உருட்டி எடுத்த பதிவின் படம். பதிவில் இடம் வலமாகத் தெரியும். கல்லில் செதுக்கியது அதன் கண்ணாடி பிம்பம். பதிவைப் பார்த்து அப்படியே செதுக்கினால் அரசன் தவறான கையை உயர்த்தியிருப்பான். புடைப்பும் பள்ளமும்கூட மாறும்: பதிவில் மேடாக இருப்பது கல்லில் குழி. அடுத்தது விட்டம். பதிவில் ஓர் உருவத்தின் மூக்கிலிருந்து அதே உருவம் மறுபடி வரும் இடத்தின் மூக்குவரை அளந்து பாருங்கள். அதுதான் முழுச் சுற்று. அது 5 செ.மீ. என்றால் 3.14ஆல் வகுக்க, விட்டம் சுமார் 1.6 செ.மீ. பதிவின் முழு நீளத்தையும் சுற்றளவாக எடுத்துக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. பதிவுகளை ஒன்றரைச் சுற்று உருட்டுவது வழக்கம் என்பதால் முத்திரை ஒன்றரை மடங்கு தடித்துவிடும்.

உள்கூட்டை அட்டையிலோ நுரைப்பலகையிலோ செய்யலாம். இறுதி அளவைவிட எல்லாப் பக்கமும் 3 முதல் 5 மி.மீ. குறைவாக வையுங்கள், மேலே வரும் தாள் அடுக்குகள் அந்த இடத்தைத் தின்றுவிடும். தாளைக் கத்தரிக்காமல் 2, 3 செ.மீ. பட்டைகளாகக் கிழியுங்கள். கிழிந்த விளிம்பு மெலிந்து படியும், வெட்டிய விளிம்பு வரப்பாகத் தெரியும். ஆறு முதல் எட்டு அடுக்கு போதும். ஓர் அடுக்கு வெள்ளைத்தாள், அடுத்தது அச்சுத்தாள் என மாற்றி ஒட்டினால் எங்கே விட்டுப்போயிற்று என்று உடனே தெரியும். இரண்டு மூன்று அடுக்குக்கு ஒருமுறை முழுதாக உலர விடுங்கள். புறங்கையை வைத்தால் சில்லென்று இருக்கக் கூடாது. சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அவசரப்பட்டு மேலே ஒட்டினால் சில வாரங்களில் உள்ளிருந்து பூஞ்சை கிளம்பும். தட்டையான பலகைகளில் ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் அது காய்ந்து சுருங்கி பலகையை வில்லாக வளைக்கும். பின்புறமும் அதே எண்ணிக்கையில் ஒட்ட வேண்டும்.

பசைக்கு மூன்று வழி. மாவுப் பசை மலிவு, நன்றாகப் படியும். பூச்சிக்கும் பூஞ்சைக்கும் விருந்து. வெள்ளை பி.வி.ஏ. பசை உறுதியானது, ஆனால் உலர்ந்தபின் பிரித்தெடுப்பது கடினம், சில வகைகள் ஆண்டுக்கணக்கில் அமில ஆவியை விடும். மெத்தில் செல்லுலோஸ் பிடிப்பு குறைவு, ஆனால் நடுநிலையானது, ஈரம் காட்டினால் இளகும். மேற்பரப்பின் கடைசி அடுக்குகளுக்கு நான் இதைத்தான் சொல்வேன், பிற்காலத்தில் பழுதுபார்ப்பவர் உங்களை வாழ்த்துவார். உணவு உறைகளில் பிளாஸ்டிக் படலம் இருந்தால் நீர்ப்பசை எதுவும் நிற்காது. படலத்தை உரித்துவிட்டுத் தாளை மட்டும் ஒட்டுங்கள், உரியாவிட்டால் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள்.

நாளிதழ் ஒட்டும்போது எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது அவசியம். அரபு தெரியாதவருக்கு அது அழகான கோடுகள், தெரிந்தவருக்கு அது செய்தி. தலைகீழாக ஒட்டிய தலைப்பு, சிலையின் பாதத்துக்கு அடியில் போய்விட்ட இறைவன் பெயர், யாரோ ஒருவரின் மரண அறிவிப்பு என்று எதுவும் நேரலாம். திறப்பு விழா அன்று இதைக் கண்டுபிடிப்பவர், நீங்கள் யாரை மனத்தில் வைத்துச் செய்தீர்களோ அவராகவே இருப்பார்.

நாளிதழ்த் தாளில் லிக்னின் என்ற மரப்பொருள் அதிகம்; ஒளி பட்டால் பழுக்கும். காட்சியில் 50 லக்ஸ் அளவு ஒளி, புற ஊதா வடிகட்டி, 50 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதம் என்பது காகிதத்துக்கு வழக்கமான வரம்பு. இதைப் பின்பற்றினாலும் பழுப்பு வரும், தாமதமாக வரும். வரட்டும் என்று முடிவெடுப்பதும் தவறில்லை. ஆனால் அந்த முடிவு எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாங்கிய நிறுவனம் ஒருநாள் அதை வெளுத்துவிடும்.

வெளியில் வைக்கும் படைப்புக்குக் கணக்கே வேறு. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தின் நான்காவது பீடத்தில் 2018 மார்ச்சில் ராகோவிட்ஸ் நிறுத்திய லமாஸு, நினிவேயின் நெர்கல் வாயிலில் கி.மு. 700 வாக்கில் நின்ற, 2015இல் ஐஎஸ் பயங்கரவாத அமைப்பு இடித்த சிறகுள்ள காளையின் மறுவுரு. 10,500 காலிப் பேரீச்சம்பழப் பாகு டின்கள். பீடத்தின் நீளமும் மூலச் சிலையின் நீளமும் ஏறத்தாழ 14 அடி என்று பொருந்தி வந்தது நல்ல தற்செயல். பாகு டின்னுக்கும் ஒரு பின்கதை உண்டு. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஈராக்கியப் பாகு சிரியாவில் டின்னில் அடைக்கப்பட்டு, ‘லெபனான் தயாரிப்பு’ என்ற முத்திரையோடுதான் அமெரிக்கக் கடைகளை எட்டியது. பொருள் தன் பிறப்பிடத்தை மறைத்தால்தான் எல்லை தாண்ட முடியும் என்ற இந்த நிலை, திருட்டுத் தொல்பொருள் போலிச் சான்றோடு பயணிப்பதன் மறுபக்கம். அதனால்தான் இந்த டின் இங்கே பொருந்துகிறது. கிடைத்த பொருளையெல்லாம் ஒட்டி ‘மறுசுழற்சி’ என்று பெயர் வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

டின் என்பது வெள்ளீயம் பூசிய எஃகுத் தகடு. பூச்சு மேலே மட்டும். வெட்டிய விளிம்பில் எஃகு திறந்து கிடக்கும், துரு அங்கேதான் பிடிக்கும். விளிம்பை மடித்து அரக்குப் பூச்சுக் கொடுக்க வேண்டும். பாகின் பிசுக்கு மீதமிருந்தால் எறும்பும் குளவியும் வரும், வெந்நீரில் கழுவாமல் தொடாதீர்கள். வளைந்த தகடு தட்டினாலும் பழைய வளைவுக்கே திரும்பப் பார்க்கும். பசை பிடிக்காது, ஆணியோ ரிவெட்டோ வேண்டும். அந்த ஆணி வேறு உலோகமாக இருந்தால் மழையில் இரண்டுக்கும் இடையே அரிப்பு தொடங்கும். தண்ணீர் வடிய அடியில் துளை விடுங்கள். வெயிலில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறும் என்பதையும் வடிவமைக்கும்போதே கணக்கில் எடுங்கள்.

ராகோவிட்ஸின் வேலையிலேயே என்னை அதிகம் ஈர்ப்பது ஈராக்கின் பழைய அசீரிய நகரமான நிம்ரூதின் சுவர்கள். இரண்டாம் அஷூர்நசிர்பால் கி.மு. 9ஆம் நூற்றாண்டில் கட்டிய வடமேற்கு அரண்மனையை ஐஎஸ் 2015இல் வெடிவைத்துத் தகர்த்தது. ஆனால் அன்று அந்தச் சுவர்கள் ஏற்கெனவே அரைகுறைதான். 19ஆம் நூற்றாண்டிலேயே அங்கே அகழ்ந்த ஆங்கிலேயர் லேயார்டும் அவருக்குப் பின் வந்தவர்களும் பல பலகைகளைப் பெயர்த்து மேற்கத்திய அருங்காட்சியகங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். ராகோவிட்ஸ் ஓர் அறையை மறுபடி கட்டும்போது 2015இல் அங்கே மீதமிருந்த பலகைகளை மட்டும் செய்கிறார். முன்பே போனவற்றின் இடம் காலியாக நிற்கிறது. ஒரே சுவரில் இரண்டு காலத்துச் சூறையும் அடுத்தடுத்துத் தெரிகிறது. இதைச் சொல்ல வேறு விளக்கவுரை எதுவும் தேவைப்படவில்லை.

இதற்கு எதிர்முனையில் நிற்பது சிரியாவின் பழைய நகரமான பல்மைராவின் வளைவு. 2015 அக்டோபரில் ஐஎஸ் தகர்த்த வளைவை, 2016 ஏப்ரலில் அதே டிரஃபால்கர் சதுக்கத்தில் சுமார் 6 மீட்டர் உயரத்தில், எகிப்தியப் பளிங்கில், இத்தாலியில் இயந்திரக் கைகளால் செதுக்கி நிறுத்தினார்கள். தொழில்நுட்பமாக அது பெரிய சாதனை. மூலத்தைவிடச் சிறிது, செதுக்கு வேலை மழுங்கல், கல்லோ பளிச்சென்று புத்தம்புது. என்ன நடந்தது, யார் இறந்தார்கள் என்பதன் சுவடு கல்லில் எங்கும் இல்லை. ‘பாருங்கள், மீட்டுவிட்டோம்’ என்று சொல்லும் பொருள் அது. மீட்கப்பட்டது எதுவும் இல்லை என்பதுதான் சங்கடம்.

கற்பனையால் நிரப்பவே கூடாதா என்றால், நிரப்புவதையே பேசுபொருளாக்கினால் நிரப்பலாம். பெய்ஜிங்கின் யுவான்மிங்யுவான் அரண்மனையை 1860இல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் சூறையாடியபோது நீர்க்கடிகாரத்தின் பன்னிரண்டு விலங்குத் தலைகளும் போயின. சீனக் கலைஞர் ஐ வெய்வெய் 2010இல் அவற்றை வெண்கலத்தில் மூலத்தைவிடப் பல மடங்கு பெரிதாக வார்த்தபோது ஏழு மட்டுமே இருப்பிடம் தெரிந்தவை. டிராகன், பாம்பு, ஆடு, சேவல், நாய் ஐந்தும் அவருடைய கற்பனை. மேலும் மூலத் தலைகளை வடிவமைத்தவர் காஸ்டிலியோனே என்ற இத்தாலிய இயேசு சபைத் துறவி. அப்படியானால் எது சீனத்து மரபுச் சொத்து, எது அசல் என்ற கேள்வி தானாகவே எழுகிறது. 2009இல் பாரிஸ் ஏலத்தில் எலி, முயல் தலைகளை ஏலம் எடுத்த சீன வணிகர் பணம் தர மறுத்த பரபரப்புக்கு அடுத்த ஆண்டு வந்த படைப்பு இது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

டிஜிட்டல் வழியில் ஈரானில் பிறந்த மோரேஷின் அல்லாஹ்யாரி, ஐஎஸ் அழித்த பன்னிரண்டு பொருள்களை 2015-16இல் ஒளி ஊடுருவும் ரெசினில் முப்பரிமாண அச்சாக எடுத்தார். ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் அந்தப் பொருளைப் பற்றித் திரட்டிய படங்கள், ஆவணங்கள் அடங்கிய நினைவக அட்டை வெளியிலிருந்து தெரியும்படி பதிந்திருக்கிறது. இந்த வழியில் போகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ஒன்று, படங்களிலிருந்து வடிவம் எடுக்க அடுத்தடுத்த படங்களில் 60 முதல் 80 சதவீதம் ஒரே பகுதி இடம்பெற வேண்டும். போன பொருளை மறுபடி படமெடுக்க முடியாது. சுற்றுலாப் பயணிகளின் பழைய படங்கள்தான் கதி. அவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் நின்றுதான் எடுத்திருப்பார்கள். ஐஎஸ் உடைத்த மோசூல் அருங்காட்சியகச் சிங்கத்தை இப்படித் திரட்டிய படங்களிலிருந்து உருவாக்கினார்கள். எங்கே படம் இல்லையோ அங்கே மென்பொருள் வழவழப்பாக மெழுகிவிடும். அந்த மெழுகலை வேறு நிறத்தில் காட்டுங்கள். இரண்டு, அந்த அருங்காட்சியகத்தை உடைப்பதை ஐஎஸ் எடுத்து வெளியிட்ட காணொளியில் உடைபட்டவற்றில் சில பிளாஸ்டர் பிரதிகள். எது அசல், எது பிரதி என்று பார்க்காமல் தொடங்கினால் பிரதிக்கு அஞ்சலி செலுத்திக்கொண்டிருப்பீர்கள்.

இன்றைய நைஜீரியாவில் உள்ள பெனின் நகரின் வெண்கலங்கள் விஷயத்தில் பிரச்சினை தலைகீழ். 1897 பிப்ரவரியில் பிரிட்டிஷ் படை பெனின் நகரைப் பிடித்து எடுத்துப்போனவற்றில் பெருவாரி எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அதை மறுபடி செய்வதில் பெரிதாக ஒன்றும் இல்லை. எனவே கலைஞர்கள் இடத்தை வைத்து விளையாடுகிறார்கள். நைஜீரியரான விக்டர் எஹிகாமெனோர் 2022இல் ஜெபமாலை மணிகளாலும் வெண்கல முகங்களாலும் ஓர் ஓபாவின், அதாவது பெனின் அரசரின், உருவத்தைச் செய்து, அந்தப் படையெடுப்பை நடத்திய தளபதி ராசனின் நினைவுக்கல் இருக்கும் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் அதன் எதிரிலேயே வைத்தார். இன்னொரு நைஜீரியர் எமேகா ஓக்போ ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத் தெருக்களில், அந்நகர அருங்காட்சியகத்திலேயே இருந்த பெனின் பொருள்களின் படத்தைப் போட்டு, ‘பெனினில் காணவில்லை’ என்று ஜெர்மன் மொழியில் சுவரொட்டி ஒட்டினார். செலவு காகிதமும் பசையும்தான்.

குறிப்புச் சீட்டை அலட்சியம் செய்யாதீர்கள். பாதிப் படைப்பு அதில் இருக்கிறது. ‘திருடுபோனது’, ‘அழிக்கப்பட்டது’, ‘மீட்கப்பட்டது’ என்ற மூன்று நிலைகளையும் கலக்கக் கூடாது. மூலம் திரும்பி வந்தால் உங்கள் படைப்பைக் கழற்ற வேண்டியதில்லை, நிலை வரியை மாற்றினால் போதும். வார்கா குடுவைக்கு அது இப்படி இருக்கும் (ஐ.எம். என்பது ஈராக் அருங்காட்சியக எண்): “ஐ.எம். 19606. வார்கா. அலபாஸ்டர். உயரம் 1 மீட்டருக்குச் சற்று மேல். 2003 ஏப்ரலில் பீடத்திலிருந்து பெயர்த்து எடுக்கப்பட்டது. 2003 ஜூன் 12 அன்று ஒரு காரின் பின்பெட்டியில், 14 துண்டுகளாகத் திரும்பியது.” இதில் உணர்ச்சிச் சொல் ஒன்றுகூட இல்லை, தேவையும் இல்லை.

சட்டப்படி, ஐயாயிரம் ஆண்டுப் பழைய சிற்பத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. அதன் புகைப்படத்துக்கு உண்டு. படத்தைப் பார்த்து உருவம் செய்வது ஒன்று, படத்தையே அச்சிட்டு ஒட்டுவது வேறு. ‘நம்பகத்தன்மைக்காக’ உண்மையான பானைத் துண்டையோ முத்திரையையோ வாங்கிப் பதிக்கும் எண்ணம் வந்தால் உடனே கைவிடுங்கள். 1990 ஆகஸ்ட் 6க்குப் பிறகு ஈராக்கிலிருந்து சட்டவிரோதமாக வெளியேறிய பண்பாட்டுப் பொருள்களின் வணிகத்தைத் தடுக்க வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1483ஆம் தீர்மானம் உறுப்பு நாடுகளுக்குக் கட்டளையிட்டிருக்கிறது. இணையத்தில் விற்பவர் காட்டும் ‘பழைய குடும்பச் சேகரிப்பு’ சான்று அநேகமாக எதையும் நிரூபிக்காது. செய்து முடித்த பொருள் அசலோடு குழம்பும் அளவுக்கு நேர்த்தியாக இருந்தால், உள்கூட்டிலும் அடிப்புறத்திலும் பெயரும் ஆண்டும் அழிக்க முடியாதபடி இருக்கட்டும்.

தொடங்குவதற்கு இன்டர்போலின் தரவுத்தளம் போதும். ஐடி-ஆர்ட் என்ற இலவசச் செயலி வழியாகக் கைபேசியிலேயே தேடலாம். சர்வதேச அருங்காட்சியக மன்றத்தின் சிவப்புப் பட்டியலும் பயன்படும், ஆனால் அதிலுள்ள படங்கள் திருடுபோன பொருள்களுடையவை அல்ல. எந்த வகைப் பொருள்கள் திருட்டுக்கு ஆளாகின்றன என்று காட்ட, பாதுகாப்பாக இருக்கும் பொருள்களையே அதில் உதாரணமாகப் போட்டிருப்பார்கள். அதிலிருந்து ஒரு படத்தை எடுத்து ‘சூறைபோனது’ என்று செய்து வைத்தால், அந்தப் பொருளை வைத்திருக்கும் அருங்காட்சியகத்திலிருந்தே கடிதம் வரும்.